குடுவை வரைக்கும்

2001 அக்டோபர் 2-ஆம் தேதி அதிகாலை. ஃபுளோரிடாவில் ஒரு மருத்துவமனைக்கு 63 வயதுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பத்திரிகை நிறுவனத்தில் புகைப்படப் பிரிவில் வேலை பார்த்தவர். காய்ச்சல், வாந்தி, பேச்சில் தடுமாற்றம். மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்று முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நீளநீளமான கோல்வடிவ பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமான கிருமிகள் இப்படி இருக்காது.

அது பேசில்லஸ் ஆந்த்ராசிஸ். நம் ஊரில் நன்றாக இருந்த மாடு திடீரென்று விழுந்து, மூக்கில் உறையாத கருரத்தம் வழிந்து செத்தால் கால்நடை மருத்துவர் அடைப்பான் என்று சொல்லி, அறுக்காமல் புதைக்கச் சொல்வாரே, அதே நோய். மனிதருக்குத் தோல் வழியாக எப்போதாவது வரும். நுரையீரல் வழியாக வருவது மிக அபூர்வம். அமெரிக்காவில் அதற்கு முன் கடைசியாகப் பதிவானது 1976-இல்.

அவர் மூன்று நாளில் இறந்துபோனார். அதற்குள் அதிகாரிகள் இயற்கையான விளக்கம் தேடத் தொடங்கியிருந்தார்கள். அவர் வட கரோலினாவில் ஓடைத் தண்ணீர் குடித்தார் என்று மத்திய சுகாதார அமைச்சரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மாதம்கூட ஆகவில்லை. யாரும் இன்னொரு தாக்குதலை நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. இயற்கையா, சதியா என்று நோயாளியின் உடலைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிருமியைக் கேட்டால்தான் தெரியும்.

கிருமியைக் கேட்கத் தெரிந்தவர் அரிசோனா மலைப் பகுதியில், ஃபிளாக்ஸ்டாஃப் என்ற சிறு நகரத்தில் இருந்தார். வட அரிசோனா பல்கலைக்கழகத்தின் பால் கைம். ஃபுளோரிடா நோயாளியின் உடலிலிருந்து வளர்த்த கிருமியைத் தனி விமானத்தில் அங்கே அனுப்பினார்கள். கைம் விமான நிலையத்துக்கே போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார். இரவு முழுக்க வேலை நடந்தது. விடிந்தபோது பதில் இருந்தது: ஏம்ஸ் ரகம்.

அந்த ஒரு சொல்லோடு ஓடைத் தண்ணீர்க் கதை முடிந்தது. ஏன் என்று புரிய இந்தக் கிருமியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

*

ஆந்த்ராக்ஸ் கிருமி பெரும்பாலான காலம் வாழ்வதே இல்லை. மாட்டின் உடலுக்குள் சில நாட்கள் வெறியோடு பெருகும். மாடு செத்து ரத்தம் மண்ணில் கொட்டிக் காற்றுப் பட்டதும் ஒவ்வொரு செல்லும் தனக்குள் ஒரு கெட்டியான வித்தைக் கட்டிக்கொண்டு அடங்கிவிடும். அந்த வித்து வெயில், வறட்சி எல்லாவற்றையும் தாங்கிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். உறங்கும் வித்து பிரிந்து பெருகுவதில்லை. பெருகும்போதுதான் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டியிருக்கிறது. படியெடுக்கும்போதுதான் பிழைகள் நேர்கின்றன. ஆகவே இந்தக் கிருமியில் பிழைகள் சேர்வது மிக மெதுவாக. உலகத்தின் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் அதன் 52 லட்சம் எழுத்துகள் கிட்டத்தட்ட ஒன்றேபோல் இருக்கும். நோய்க்கிருமிகளில் இவ்வளவு அலுப்பூட்டும் சீர்மை கொண்டவை குறைவு. துப்பறிபவனுக்கு இதைவிட மோசமான சாட்சி கிடையாது. எல்லாரும் ஒரே முகம்.

கைம் செய்தது, மாறக்கூடிய சில இடங்களைத் தேடிப் பிடித்தது. டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு அடுத்தடுத்துப் பலமுறை வரும். படியெடுக்கும் நொதி அங்கே வழுக்குகிறது; ஒரு துண்டு கூடும் அல்லது குறையும். அப்படிப்பட்ட 8 இடங்களைத் தேர்ந்து, உலகமெங்குமிருந்து சேர்த்த 426 மாதிரிகளில் எண்ணிப் பார்த்து, அவற்றை 89 வகைகளாகப் பிரித்து 2000-ஆம் ஆண்டில் கைம் குழு வெளியிட்டிருந்தது. ஃபுளோரிடா மாதிரி வந்தபோது அந்தப் பட்டியல் தயாராக இருந்தது. துப்புத்துலக்கலில் பலர் கவனிக்காத விஷயம் இது. குற்றம் நடந்த பிறகு ஓடியோடிச் செய்வதைவிட, குற்றமே இல்லாத காலத்தில் பொறுமையாகச் சேர்த்த மாதிரிகளும் பட்டியலும்தான் வழக்கைத் திறக்கின்றன.

ஏம்ஸ் ரகத்தின் கதை ஒரு குமாஸ்தாத் தவறில் தொடங்குகிறது. 1981-இல் டெக்சஸில் ஒரு கிடாரி செத்தது. அதிலிருந்து எடுத்த கிருமியை மேரிலாந்தில் ஃபோர்ட் டெட்ரிக் என்ற இடத்திலுள்ள ராணுவத் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பிய பெட்டி அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரக் கால்நடை ஆய்வகத்தின் முகவரி அச்சிட்ட பெட்டி. பிரித்தவர்கள் அதைப் பார்த்து ஏம்ஸ் என்று எழுதிவைத்தார்கள். அந்த ஊருக்கும் கிருமிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தடுப்பூசி ஆராய்ச்சிக்கு இந்த ரகம் நன்றாகப் பயன்பட்டதால் ராணுவ ஆய்வகத்திலிருந்து வேறு ஆய்வகங்களுக்குப் போயிற்று. ஆனால் இயற்கையில் டெக்சஸைத் தவிர வேறெங்கும் யாரும் அதைக் கண்டதில்லை. ஃபுளோரிடாவில் ஒருவர் நுரையீரலில் அது இருந்தால், ஏதோ ஓர் ஆய்வகத்தின் கதவு வழியாகத்தான் வெளியே வந்திருக்க முடியும்.

*

கிருமியின் வம்சத்தைப் பார்த்துச் சந்தேகங்களைத் தீர்க்கும் வேலை அதற்கு முன்பே நடந்திருக்கிறது. இரண்டைச் சொல்கிறேன்.

1979 ஏப்ரலில் சோவியத் யூனியனின் ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகரத்தில் குறைந்தது 66 பேர் அடைப்பான் நோயில் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சியைத் தின்றதால் என்றது அரசு. மருத்துவமனைப் பதிவேடுகளை உளவுத்துறை அள்ளிக்கொண்டு போயிற்று. ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த ஃபைனா அப்ரமோவாவும் லெவ் க்ரின்பெர்கும் திசுத் துண்டுகளை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். அமெரிக்க உயிரியலாளர் மேத்யூ மெசல்சன் 1992-இல் அங்கே போய், இறந்தவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று வரைபடத்தில் குறித்தபோது, ராணுவ வளாகத்திலிருந்து காற்றடித்த திசையில் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய பட்டையாக அவை விழுந்தன. இறைச்சி காற்றின் திசையில் பரவாது. மெழுகில் பதித்துவைத்த அந்தத் திசுக்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பிற்காலத்தில் படித்தார்கள். 2016-இல் வந்த மரபணுத்தொகுதி ஆய்வு, அந்தக் கிருமியில் செயற்கையான மாற்றம் எதுவும் இல்லை, ஆயுதம் செய்ய இயற்கை ரகத்தையே எடுத்திருக்கிறார்கள் என்று காட்டிற்று.

இன்னொன்று தோக்கியோவில். ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழுவை 1995-இன் சுரங்க ரயில் விஷவாயுத் தாக்குதலுக்காக எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1993 கோடையில், கமேய்டோ பகுதியிலுள்ள தங்கள் எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து ஆந்த்ராக்ஸைத் தெளித்திருந்தார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. சுகாதார அதிகாரிகள் எடுத்துவைத்த திரவத்தைப் பல ஆண்டுகள் கழித்துக் கைம் குழு சோதித்தது. அது ஸ்டெர்ன் ரகம், மாடுகளுக்குப் போடும் தடுப்பூசிக் கிருமி. நோயுண்டாக்கத் தேவையான இரண்டு வளைய டி.என்.ஏ.க்களில் ஒன்று அதற்குக் கிடையாது. அந்த வட்டாரம் பிழைத்ததற்கு வேறு தத்துவ விளக்கமெல்லாம் வேண்டாம். கொலைகாரர்கள் தப்பான புட்டியை எடுத்திருந்தார்கள்.

*

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். ஃபுளோரிடா சாவுக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆந்த்ராக்ஸ் பொடி வைத்த கடிதங்கள் வெளிப்பட்டன. செப்டம்பர் 18 முத்திரையோடு என்.பி.சி. தொலைக்காட்சிக்கும் நியூயார்க் போஸ்ட் பத்திரிகைக்கும். அக்டோபர் 9 முத்திரையோடு செனட்டர்கள் டாஷ்லுக்கும் லேஹிக்கும். செனட்டர்களுக்கு வந்தவற்றில் அனுப்புநர் முகவரியாக நான்காம் வகுப்பு, கிரீன்டேல் பள்ளி என்று எழுதியிருந்தது. அந்த முகவரியில் அப்படி ஒரு பள்ளி இல்லை. செனட்டர்களின் உறைகளில் இருந்த பொடி அசாதாரணமாகச் சுத்தமானது. ஒரு கிராமில் லட்சம் கோடி வித்துகள் அளவுக்கு. அஞ்சல் பிரிக்கும் இயந்திரங்கள் உறையை அழுத்தியபோது நுண்துளைகள் வழியே வித்துகள் வெளியேறின. மொத்தம் 22 பேருக்கு நோய். 5 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் வாஷிங்டன் அஞ்சல் ஊழியர்கள். செனட்டர்களின் அலுவலகக் கட்டடத்தை உடனே மூடியவர்கள், அந்தக் கடிதங்கள் கடந்துவந்த வாஷிங்டன் அஞ்சல் நிலையத்தை நாலைந்து நாள் திறந்தே வைத்திருந்தார்கள். இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிற இடம் இது.

ஏம்ஸ் என்று தெரிந்தது நல்ல தொடக்கம்தான். ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டன், கனடா, ஸ்வீடனிலும் சேர்த்து ஒரு டஜனுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் ஏம்ஸ் இருந்தது. அவற்றுக்குள்ளே எது என்று எப்படிச் சொல்வது? கைமின் எட்டு இடங்களும் இங்கே கைவிட்டன; எல்லா ஏம்ஸும் அந்த எட்டிலும் ஒன்றே.

முழு மரபணுத்தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இன்று ஒரு பாக்டீரியாவை முழுதாகப் படிப்பது ஓரிரு நாள் வேலை. அன்று மாதங்கள் பிடிக்கும், செலவும் பெரிது. மேரிலாந்தின் மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம் இதை எடுத்துக்கொண்டது. ஃபுளோரிடா கிருமியைப் பிரிட்டனிலிருந்த ஓர் ஏம்ஸ் வாரிசோடு ஒப்பிட்டபோது சில வேறுபாடுகள் கிடைத்து, 2002-இல் அது சயன்ஸ் இதழில் வந்தது, நம்பிக்கை கூடிற்று. பிறகு 1981-இன் மூல ஏம்ஸையும் கடிதக் கிருமியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வேறுபாடே இல்லை. இருபது ஆண்டு, எத்தனையோ உறைபெட்டிகள், எத்தனையோ கைகள். ஓர் எழுத்துகூட நகரவில்லை. கிருமியின் சோம்பல் மறுபடியும் வென்றது.

வழி பிறந்தது பழைய நுண்ணுயிரியலில்.

ஃபோர்ட் டெட்ரிக்கில் டெர்ரி அப்ஷைர் என்ற ஆய்வக ஊழியர் கடிதப் பொடியிலிருந்து கிருமியைப் பெட்ரி தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பார்க்கும் நேரத்தைத் தாண்டியும் தட்டு வளர்ந்தபோது, சில காலனிகள் மற்றவற்றைப்போல இல்லை என்பது அவர் கண்ணில் பட்டது. நிறம் கொஞ்சம் வேறு, பரப்பு கொஞ்சம் வேறு. அவருடைய சக ஆய்வாளர் பட்ரீசியா வொர்ஷம் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தார். அவற்றின் சந்ததியும் அப்படியே விசித்திரமாக வந்தது. ஆக இது வளர்ப்பின் குறையால் வந்த தோற்றம் கிடையாது, டி.என்.ஏ.விலேயே மாற்றம். வித்துக் கட்டும் திறன் அவற்றில் குறைந்திருந்தது.

ஏன் அப்படிப்பட்டவை சேர்கின்றன என்று யோசித்தால் அழகான தர்க்கம் ஒன்று தெரிகிறது. ஆய்வகத்தில் கிருமியைப் பெரிய அளவில் வளர்க்கும்போது, உணவு தீரத் தீரப் பெரும்பான்மை செல்கள் பெருகுவதை நிறுத்தி வித்துக் கட்டத் தொடங்கும். வித்துக் கட்டும் ஆணையில் பழுதான ஒரு செல் மட்டும் அந்த ஆணையை மதிக்காமல் இன்னும் சில தலைமுறை பெருகிக்கொண்டே போகும். இயற்கையில் அதற்கு எதிர்காலம் இல்லை. வித்தாகாத செல் மண்ணில் செத்துப்போகும். குடுவையில் அதற்குத் தற்காலிக லாபம். இப்படிப் பல முறை வளர்த்து ஒன்றாகச் சேர்த்தால், அந்தக் கலவையில் எந்தெந்தப் பழுதுகள் எந்தெந்த விகிதத்தில் சேர்ந்தன என்பது அந்தக் குடுவைக்கே உரிய அடையாளமாக ஆகிவிடும். நாடெல்லாம் ஒரே முகமாக இருந்த கிருமியில், குடுவைக்குள் இருந்த சிறுபான்மையே அடையாளம் சொல்ல வந்தது. முழு மரபணு வாசிப்பு முதலில் இதைக் காட்டாததற்குக் காரணமும் அதுதான். ஒரே ஒரு காலனியை எடுத்துப் படித்தால் பெரும்பான்மைதான் கையில் வரும்.

இனி வாசிப்பு இயந்திரத்தின் முறை. விசித்திர காலனிகளின் டி.என்.ஏ.வை முழுதாகப் படித்து, எங்கே துண்டு கூடியிருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்டார்கள். அவற்றில் நான்கு மாற்றங்களுக்குத் தனித்தனிச் சோதனை வடிவமைத்தார்கள். மாதிரியில் ஒரு துளி போதும். அந்த மாற்றம் அதில் எங்காவது இருந்தால் சோதனை அதைப் பெருக்கிக் காட்டும்.

*

இதற்குள் எஃப்.பி.ஐ. ஏம்ஸ் வைத்திருந்த எல்லா ஆய்வகங்களுக்கும் ஆணை அனுப்பி, இருக்கும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் இரண்டு குழாய் மாதிரி கேட்டிருந்தது. ஒன்று ஃபோர்ட் டெட்ரிக்கில் எஃப்.பி.ஐ. களஞ்சியத்துக்கு, நகல் ஃபிளாக்ஸ்டாஃபில் கைமிடம். ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்தன. குழாயில் பெயர் இல்லாமல், எண் மட்டும் எழுதி, சோதிப்பவருக்கு எது யாருடையது என்று தெரியாமல் வெவ்வேறு ஆய்வகங்களுக்குக் கொடுத்தார்கள்.

தெளிவான முடிவு கிடைத்த 947 மாதிரிகளில் நான்கு மாற்றங்களும் சேர்ந்து இருந்தவை 8. அவற்றில் ஏழு ஃபோர்ட் டெட்ரிக்கிலிருந்தே வந்தவை. எட்டாவது வேறோர் ஆய்வகத்திலிருந்து. ஆனால் அந்த ஆய்வகத்துக்கும் ஃபோர்ட் டெட்ரிக்கிலிருந்துதான் போயிருந்தது. எட்டின் மூலமும் ஒரே குடுவை. அதன் மேல் ஒட்டிய எண் ஆர்.எம்.ஆர்-1029. 1997-இல், முப்பதுக்கும் மேற்பட்ட தனித்தனி வளர்ப்புகளை ஒன்றாகச் சேர்த்து, தடுப்பூசிச் சோதனைக்காக விலங்குகளுக்குக் கொடுக்கத் தயாரித்தது. பொறுப்பாளர் புரூஸ் ஐவின்ஸ், அங்கே பல ஆண்டு வேலை பார்த்த நுண்ணுயிரியலாளர். கடிதங்கள் வந்த தொடக்க நாட்களில் எஃப்.பி.ஐ.க்குப் பொடியைச் சோதித்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

மாதிரிகள் சேர்ந்த விதத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஐவின்ஸ் 2002 பிப்ரவரியில் தன் குடுவையிலிருந்து கொடுத்த மாதிரி விதிமுறையில் சொன்ன வகைக் குழாயில் இல்லை என்று எஃப்.பி.ஐ. களஞ்சியத்தில் அதை அழித்துவிட்டார்கள். ஏப்ரலில் அவர் மறுபடி கொடுத்தார். அதில் நான்கு மாற்றங்களில் ஒன்றுகூட இல்லை. 2004-இல் புலனாய்வாளர்கள் நேரே போய்க் குடுவையையே எடுத்துவந்து சோதித்தபோது நான்கும் இருந்தன. பிப்ரவரி மாதிரியின் நகல் கைமிடம் இருப்பது நினைவுக்கு வந்து அதை எடுத்துச் சோதித்தார்கள்; அதிலும் நான்கும் இருந்தன. ஏப்ரலில் அவர் வேண்டுமென்றே வேறெதையோ கொடுத்து ஏமாற்றினார் என்பது எஃப்.பி.ஐ.யின் கட்சி. மறுபக்கத்தில் சொல்லவும் ஒன்று உண்டு. நுண்ணுயிரியல் படித்த எவருக்கும் முதல் பாடமே, ஒரு காலனியைத் தொட்டு எடுத்துத் தூய்மையாக வளர்ப்பது. கலவையாக அள்ளிக் கொடு என்று எழுதியிருந்தாலும் கை பழக்கத்தில் ஒரு காலனிக்குப் போகலாம். அப்படிப் போனால் சிறுபான்மை தொலைந்துவிடும். இரண்டில் எது நடந்தது என்று டி.என்.ஏ. சொல்லாது.

2008 ஜூலையில், குற்றம் சாட்டப்படப்போகிறது என்ற நிலையில், ஐவின்ஸ் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி இறந்துபோனார். வழக்கு நீதிமன்றத்துக்கே போகவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, அதுவரை அரசின் சந்தேகத்தைச் சுமந்திருந்த வேறொரு விஞ்ஞானி ஸ்டீவன் ஹாட்ஃபிலுக்கு அரசு 58 லட்சம் டாலர் மதிப்புள்ள இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தது. முந்தைய ஆளை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனதற்கு மரபணுச் சான்று முக்கியக் காரணம். 2010 பிப்ரவரியில், ஐவின்ஸ் தனியாகச் செய்தார் என்ற முடிவோடு அரசு வழக்கை மூடியது.

அடுத்த ஆண்டே தேசிய அறிவியல் அகாடமியின் குழு எல்லா ஆவணங்களையும் பார்த்து அறிக்கை தந்தது. அறிவியல் சான்றை மட்டும் வைத்துக் கிருமி எங்கிருந்து வந்தது என்று அறுதியாகச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். குடுவையோடு இணக்கம் இருக்கிறது, உண்மை. ஆனால் அரசு சொன்ன அளவுக்கு அது வலுவானது கிடையாது. அதே மாற்றங்கள் வேறொரு பெரிய வளர்ப்பிலும் தனியாகத் தோன்றியிருக்கலாம். வித்துக் கட்டுவதைக் கெடுக்கும் பழுதுக்குக் குடுவையில் லாபம் என்றால், எந்தக் குடுவையிலும் லாபம்தானே? இந்த வாய்ப்பை எண்ணால் மதிப்பிட ஆய்வே நடக்கவில்லை.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஆர்.எம்.ஆர்-1029-இலிருந்தே 30 முறை மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதித் தடவைதான் நான்கும் தெரிந்தன. கல் கலந்த அரிசியில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துக் கல் இல்லை என்று சொல்வதைப் போன்றதுதான் இது. அந்தப் பிடியில் இல்லை, அவ்வளவே. அப்படியானால் மீதி 939 மாதிரிகளில் எத்தனை உண்மையில் நான்கையும் கொண்டிருந்தும் அன்று காட்டவில்லை? 2014-இல் அரசின் பொறுப்பாய்வு அலுவலகமும் இதே போக்கில் புள்ளியியல் அடிப்படையைக் குறை சொன்னது.

பத்திரிகைகளுக்குப் போன கடிதங்களில் இன்னொரு விருந்தாளியும் இருந்தார்: பேசில்லஸ் சப்டிலிஸ், மண்ணிலும் வைக்கோலிலும் இருக்கும் அப்பாவிக் கிருமி. கொலையாளி பொடி தயாரித்த இடத்தில் தூசியோடு கலந்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு தனி மரபணு அடையாளம் கண்டுபிடித்து ஆர்.எம்.ஆர்-1029-இலும் ஆய்வகத்திலும் தேடினார்கள். கிடைக்கவே இல்லை. நல்ல துப்பறியும் கதையில் இது கடைசி அத்தியாயத்தில் பயன்பட்டிருக்கும். இங்கே அப்படியே நிற்கிறது.

ஐவின்ஸ் குற்றவாளியா? இரவு நேரங்களில் ஆய்வகத்தில் தனியாக இருந்த பதிவுகள், மனநலச் சிக்கல்கள், முன்னுக்குப்பின் முரணான பேச்சு என்று எஃப்.பி.ஐ. வேறு பலவும் அடுக்கியிருக்கிறது. அவற்றைக் குறுக்கு விசாரணை செய்து பார்க்க வாய்ப்பில்லாமல் போயிற்று. எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான்: இந்த அறிவியல் குடுவை வரைக்கும் கூட்டிப்போயிற்று, அங்கேயும் கொஞ்சம் தயங்கித்தான் நின்றது. அந்தக் குடுவைக்குள் கைவிடக்கூடியவர்கள் நூற்றுக்கும் மேல். குடுவையிலிருந்து கைக்குப் போகும் பாதையில் டி.என்.ஏ. எதுவும் சிந்தியிருக்கவில்லை.

*

சோம்பல் கிருமியிடமிருந்து சாட்சியம் வாங்க இவ்வளவு பாடு. எச்.ஐ.வி. இதற்கு நேர் எதிர். அது தன்னைப் படியெடுக்கும்போது ஏராளமாகப் பிழை செய்யும். அதன் சில பகுதிகள் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்ற அளவில் மாறிக்கொண்டே போகின்றன. ஒரே நோயாளியின் உடலுக்குள்ளேயே வைரஸ் ஒரு குடும்பமாகக் கிளைத்துவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால், போனது அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை. ஆகவே வம்சமரம் வரைய முடியும்.

லூசியானாவில் ஒரு செவிலி, தன்னோடு முன்பு உறவிலிருந்த மருத்துவர் 1994-இல் வைட்டமின் ஊசி என்று சொல்லித் தனக்கு எச்.ஐ.வி. ரத்தத்தைச் செலுத்தினார் என்று புகார் கொடுத்தார். அந்த மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தத்தை அதே சமயத்தில் எடுத்திருந்ததற்குப் பதிவு இருந்தது. செவிலியின் வைரஸ், அந்த நோயாளியின் வைரஸ், அதே வட்டாரத்தின் வேறு எச்.ஐ.வி. நோயாளிகளின் வைரஸ்கள் எல்லாவற்றையும் இரண்டு தனித்தனி ஆய்வகங்களில் படித்தார்கள். வம்சமரத்தில் செவிலியின் வைரஸ் அந்த நோயாளியின் வைரஸ் குடும்பத்துக்கு உள்ளேயே ஒரு கிளையாக வந்து உட்கார்ந்தது. மருத்துவருக்கு 50 ஆண்டுச் சிறை. அமெரிக்கக் குற்றவியல் நீதிமன்றம் வைரஸின் வம்சமரத்தைச் சான்றாக ஏற்றது அதுவே முதல்முறை.

இங்கேயும் கவனம் தேவை. மரம் சொல்வது, கையிலிருக்கும் மாதிரிகளுக்குள் யாருக்கு யார் நெருக்கம் என்று. நடுவில் மாதிரி கொடுக்காத மூன்றாம் ஆள் ஒருவர் இருந்திருக்கலாம். ஊசியையும் பதிவேட்டையும் போலீஸ்தான் கண்டுபிடிக்க வேண்டும், லூசியானாவில் கண்டுபிடித்தார்கள். ஆனால் 'இவரிடமிருந்து வந்திருக்க முடியாது' என்று சொல்லும்போது அதே மரத்துக்கு வலு பன்மடங்கு. தொடர்பு இருப்பதைக் காட்ட எல்லா வேறு வழிகளையும் அடைக்க வேண்டும். இல்லாததைக் காட்ட ஒரே ஒரு தேதி போதும்.

லிபியாவில் பெங்காசி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 1998-இல் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அங்கே வேலை செய்த ஐந்து பல்கேரியச் செவிலியரையும் ஒரு பாலஸ்தீனிய மருத்துவரையும், வேண்டுமென்றே கிருமி ஏற்றினார்கள் என்று கைது செய்தார்கள். சித்திரவதைக்குப் பிறகு ஒப்புதல் வாக்குமூலங்களும் வந்தன. எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லூக் மோன்தன்யே நேரில் ஆராய்ந்து, மருத்துவமனையின் சுகாதாரக் கேடே காரணம், அவர்கள் வருவதற்கு முன்பே தொற்று இருந்தது என்று அறிக்கை கொடுத்தார். நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டு 2004-இல் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் மறு விசாரணை நடந்தது.

துலியோ டி ஒலிவெய்ராவும் ஆலிவர் பைபஸும் மற்றவர்களும் அந்தக் குழந்தைகளின் வைரஸ் வரிசைகளை எடுத்துக்கொண்டார்கள், எச்.ஐ.வி. 44, அவர்களில் பலருக்கு அதோடு இருந்த ஹெபடைட்டிஸ் சி 61. வைரஸ் மாறும் வேகம் தெரியும். குழந்தைகளின் வைரஸ்கள் இன்று ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அவற்றின் பொது மூதாதை எப்போது இருந்தது என்று ஒரு கால எல்லை கிடைக்கும். கணக்கில் பயன்படுத்தும் அனுமானங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். விடை ஒரே பக்கம் விழுந்தது: குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1998 மார்ச்சில் வந்து சேருவதற்கு முன்பே அந்த வைரஸ் மருத்துவமனையில் குழந்தைக்குக் குழந்தை பரவிக்கொண்டிருந்தது. ஹெபடைட்டிஸும் அப்படியே. வம்சமரமும் மேற்கு ஆப்பிரிக்க ரகத்தோடு போய்ச் சேர்ந்தது. ஒரே ஊசியை மறுபடி மறுபடி பயன்படுத்திய வார்டில் வேறென்ன நடக்கும்?

கட்டுரை 2006 டிசம்பர் தொடக்கத்தில் நேச்சர் இதழில் வந்தது. தீர்ப்புக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று அவசரமாக வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் லிபிய நீதிமன்றம் ஆறு பேருக்கும் மறுபடி மரண தண்டனை விதித்தது. அவர்கள் விடுதலையானது 2007 ஜூலையில். குழந்தைகளின் குடும்பங்களுக்கு நஷ்டஈடு, ஐரோப்பிய நாடுகளின் பேச்சுவார்த்தை, தண்டனைக் குறைப்பு, மீதித் தண்டனையைப் பல்கேரியாவில் கழிக்க அனுமதி என்று படிப்படியாக நடந்தது. விமானம் சோஃபியாவில் இறங்கியதும் பல்கேரிய அதிபர் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்புதான். நிரபராதிகள் என்று எந்த லிபிய நீதிமன்றமும் அவர்களைச் சொல்லி அனுப்பவில்லை.